இலை பன்னிரண்டரைக்கு: வேலைகளை முன்கூட்டித் திட்டமிடுவது எப்படி?

ஒரு ஜெராக்ஸ் கடையில் இரண்டு பேர். ஒருவர் அச்செடுக்கிறார், மற்றவர் ஸ்பைரல் போடுகிறார். காலையில் கடை திறந்ததும் இரண்டு ஆர்டர்கள். ஒன்று, பத்து மெல்லிய ரிப்போர்ட்டுகள்: அச்செடுக்க 10 நிமிடம், ஒவ்வொன்றாக ஸ்பைரல் போட 50 நிமிடம். இன்னொன்று, தடித்த பாடக்குறிப்பு நான்கு பிரதிகள்: அச்செடுக்க 40 நிமிடம், ஸ்பைரல் போட 20 நிமிடம்.

பெரிய வேலையை முதலில் முடித்துவிடலாம் என்று பாடக்குறிப்பை எடுத்தால், அது அச்சாகும் 40 நிமிடமும் ஸ்பைரல் போடுபவருக்கு வேலை இல்லை. அறுபதாவது நிமிடத்தில்தான் அவர் ரிப்போர்ட்டுகளைத் தொடுவார். எல்லாம் முடிய 110 நிமிடம் ஆகும். வரிசையை மாற்றிப் பாருங்கள். ரிப்போர்ட்டுகள் பத்தே நிமிடத்தில் அச்சாகி ஸ்பைரலுக்குப் போய்விடும். அவர் அதைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே பாடக்குறிப்பு அச்சாகிவிடும். 80 நிமிடத்தில் கடை காலி. ஆட்களும் இயந்திரமும் வேகமும் அப்படியே இருக்க, வரிசை மாறியதில் மட்டும் அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கிறது.

இப்படி இரண்டு கட்டமாக நடக்கும் வேலைகளுக்கு அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் இருந்த எஸ். எம். ஜான்சன் 1954இல் ஒரு விதி சொன்னார். எல்லா நேரங்களையும் எழுதி, அவற்றில் மிகச் சிறிய எண்ணைத் தேடுங்கள். அது முதல் கட்டத்துக்குரிய நேரமானால் அந்த வேலையை வரிசையின் தொடக்கத்தில் வையுங்கள். இரண்டாம் கட்டத்துக்குரியதானால் கடைசியில் வையுங்கள். அந்த வேலையை அடித்துவிட்டு, மீதி உள்ளவற்றில் இதையே திரும்பச் செய்யுங்கள். இஸ்திரிக் கடை, பேக்கரி, தபால் கட்டும் இடம் என்று இரண்டு கட்டமாக வேலை நடக்கும் எங்கும் இது பொருந்தும்.

திட்டமிடல் என்றதும் பலர் டைரியையும் நிறநிறப் பேனாவையும்தான் நினைக்கிறார்கள். எந்த வேலை எந்த வேலைக்காகக் காத்திருக்கிறது என்பதை வேலை தொடங்குவதற்கு முன்பே கண்டுபிடிப்பதுதான் அதன் உயிர். அதை எல்லோருக்கும் தெரிந்த ஒரு வேலையை வைத்தே பார்த்துவிடலாம்.

இருபது பேருக்கு மதியச் சாப்பாடு

ஞாயிற்றுக்கிழமை பகல் 12.30க்கு இலை போட வேண்டும். சமைக்க இரண்டு பேர். இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு ஒன்று, கிரைண்டர் ஒன்று, மிக்ஸி ஒன்று. சாதம், சாம்பார், ரசம், பீன்ஸ் பொரியல், பூசணிக் கூட்டு, உருளைக்கிழங்கு வறுவல், உளுந்து வடை, அப்பளம், பாயசம், தயிர்.

முதல் படி, எழுதுவது. "சாம்பார்" என்று எழுதக் கூடாது. சாம்பார் என்பது ஏழு வேலைகள் சேர்ந்த பெயர். பருப்பு வேகவைப்பது, புளி ஊறவைப்பது, புளி கரைப்பது, காய் நறுக்குவது, காய் வேகவைப்பது, எல்லாம் சேர்த்துக் கொதிக்கவிடுவது, தாளிப்பது. ஒவ்வொன்றும் தனி வரி. எவ்வளவு சிறிதாக உடைப்பது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. ஒருவர் இடையில் நிற்காமல், வேறு ஒன்றுக்காகக் காத்திருக்காமல் செய்து முடிக்கக்கூடியது ஒரு வேலை. நடுவில் நின்று காத்திருக்க வேண்டியிருந்தால் அந்த இடத்தில் வெட்டி இரண்டாக்குங்கள்.

இரண்டாவது படி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு எண்கள்: கைவேலை எத்தனை நிமிடம், தானாக நடக்கும் நேரம் எத்தனை நிமிடம். உளுந்து கழுவி ஊறப்போட 5 நிமிடம் கைவேலை, ஊறுவதற்கு 120 நிமிடம் காத்திருப்பு. குக்கரில் பருப்பு வைக்க 5 நிமிடம், அடுப்பில் 25 நிமிடம், ஆவி அடங்க 15 நிமிடம். புதிதாகத் திட்டமிடுபவர்கள் முதல் எண்ணை மட்டும் எழுதுவார்கள், தங்கள் கை படாத நேரத்தை மறந்துவிடுவார்கள். சமையல் தாமதமாகும் வீடுகளில் பெரும்பாலும் இந்த இரண்டாவது எண்தான் விடுபட்டிருக்கும். ஊறுவதையும் புளிப்பதையும் ஆவி அடங்குவதையும் ஆள் பலத்தால் விரைவாக்க முடியாது. பத்து பேர் சேர்ந்து நின்றாலும் உளுந்து ஊற அதே நேரம்தான்.

ஆகவே முதல் விதி: காத்திருக்க வைக்கும் வேலையை எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்கிவிடுங்கள். வேறு எதுவும் தெரியாவிட்டாலும் இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதித் திட்டம் கைக்கு வந்துவிடும்.

மூன்றாவது படி, "எதற்குப் பிறகு?" என்ற கேள்வி. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் எது முடிந்திருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டே போனால் சங்கிலிகள் தெரியத் தொடங்கும். வடையின் சங்கிலி இப்படி இருக்கிறது: உளுந்து ஊற 120 நிமிடம், அரைக்க 30, வெங்காயம், மிளகு சேர்த்துப் பிசைய 10, பொரிக்க 48. அரைக் கிலோ உளுந்தில் நடுத்தர அளவில் சுமார் 40 வடை வரும். வீட்டு வாணலியில் ஒரு ஈட்டுக்கு 5 வடை, ஈட்டுக்கு 6 நிமிடம், எட்டு ஈடு, அதுதான் 48. கூட்டினால் 208 நிமிடம், ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். இந்த விருந்தின் மிக நீளமான சங்கிலி இதுதான். மற்ற எதையும் எவ்வளவு சுறுசுறுப்பாகச் செய்தாலும், உளுந்தை ஒன்பது மணிக்குள் நனைக்காவிட்டால் பன்னிரண்டரைக்கு வடை இலையில் விழாது.

முடிவு நேரத்தைத் தீர்மானிக்கும் இந்த நீளமான சங்கிலியைத்தான் திட்டப் பொறியாளர்கள் கிரிட்டிகல் பாத் என்கிறார்கள். அமெரிக்காவின் டூபாண்ட் ரசாயன நிறுவனத்தில் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் கணினி நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் 1950களின் பிற்பகுதியில் யூனிவாக் கணினியின் உதவியோடு இந்தக் கணக்கு முறையை உருவாக்கினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட் என்ற இன்னொரு முறையை அமைத்தது. ஆலை கட்டவும் ஏவுகணை செய்யவும் பிறந்த கணக்குதான், அடுப்படிக்கும் அப்படியே பொருந்துகிறது.

சாம்பாரின் சங்கிலியையும் போட்டுப் பார்த்தால் ஒன்று புரியும். பருப்பின் வழியாகப் போனால் குக்கரில் 25, ஆவி அடங்க 15, சேர்த்துக் கொதிக்க 15, தாளிக்க 5, மொத்தம் 60 நிமிடம். புளியின் வழியாகப் போனால் ஊற 20, கரைக்க 10, காய் வேக 25, சேர்த்துக் கொதிக்க 15, தாளிக்க 5, மொத்தம் 75. சாம்பாருக்குப் பருப்புதான் நேரமெடுக்கும் என்று எல்லோரும் நினைத்திருக்க, கணக்கு புளியைக் கைகாட்டுகிறது. இதைத் தெரிந்துகொண்டால் சங்கிலியைக் குட்டையாக்கவும் முடியும். காயைப் புளித் தண்ணீரில் வேகவைக்கத் தேவையே இல்லை. புளிப்பில் காய் வேக அதிக நேரம் பிடிக்கும். வெறும் தண்ணீரில் காயை வேகவைத்துவிட்டு, பிறகு புளிக்கரைசலை ஊற்றினால் போதும். புளி ஊறுவதும் காய் வேகுவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

பாயசத்தின் சங்கிலி ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அதைப் பதினோரு மணிக்கும் தொடங்கலாம், ஒன்பது மணிக்கும் தொடங்கலாம். இப்படி முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய இடைவெளியை ஃப்ளோட் என்பார்கள். எந்த வேலைக்கு ஃப்ளோட் இருக்கிறது, எதற்கு இல்லை என்று தெரிந்தால் பதற்றம் பாதி குறையும். பாயசம் பதினைந்து நிமிடம் தள்ளிப்போவது பிரச்சினையே இல்லை, உளுந்து தள்ளிப்போவதுதான் பிரச்சினை.

உண்மையில் நேரத்தைத் தீர்மானிப்பது அடுப்பு

இதுவரை போட்ட கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சங்கிலிகளைத் தனித்தனியாகப் பார்த்தால் வடையைத் தவிர மற்ற எல்லாம் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிகிற மாதிரித் தெரியும். ஆனால் எல்லாச் சங்கிலிகளும் அதே இரண்டு பர்னர்களின் வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே நான்காவது படி: பங்கிட்டுக்கொள்ள வேண்டிய பொருள் எது என்று கண்டுபிடித்து, அதற்குத் தனியாகக் கூட்டல் போடுங்கள்.

அடுப்பு எத்தனை நிமிடம் தேவை? சாதம் 50 (2 கிலோ அரிசிக்குச் சுமார் 10 லிட்டர் உலை கொதிக்க 30, வேக 20). பருப்பு 25. சாம்பார் 45. ரசம் 20. பொரியல் 20. கூட்டு 25. உருளைக்கிழங்கு வேக 20, வறுக்க 25. பாயசம் 40. வடை, எண்ணெய் காய 10 நிமிடத்தையும் சேர்த்து 58. அப்பளம் 10. கூட்டினால் 338 நிமிடம். இரண்டு பர்னருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 169. அதாவது ஒரு நிமிடம்கூட பர்னர் சும்மா இல்லாமல் எரிந்தாலே 2 மணி 49 நிமிடம். சமையலறையில் மூன்றாவதாக ஓர் ஆள் வந்து நின்றாலும் இது குறையாது. மூன்றாவது பர்னர் வந்தால் குறையும், பர்னருக்கு 113 நிமிடமாக. உதவிக்கு வருகிறேன் என்று சொல்லும் பக்கத்து வீட்டு அக்காவிடம், "நீங்கள் வருவதைவிட உங்கள் இண்டக்‌ஷன் அடுப்பு வந்தால் நல்லது" என்று சொல்வதற்கு இந்தக் கணக்கு வேண்டும்.

ஐந்தாவது படிதான் உண்மையான திட்டம்: முடிவிலிருந்து பின்னோக்கி எழுதுவது. கடைசியில் செய்தே ஆக வேண்டியவை எவை? சூடாக இருக்க வேண்டிய சாதமும், மொறுமொறுப்பாக இருக்க வேண்டிய வடையும். இரண்டும் சேர்ந்து கடைசி ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பர்னர்களையும் பிடித்துக்கொள்ளும். 12.25க்கு முடிய வேண்டுமென்றால் 11.25க்கு இரண்டும் ஏறியாக வேண்டும். அப்படியானால் மற்ற அனைத்தும், அதாவது மீதி 230 நிமிட அடுப்பு வேலை, 11.25க்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பர்னருக்கு 115 நிமிடம். மிகத் தாமதமாகப் பார்த்தாலும் 9.30க்குப் பற்றவைக்க வேண்டும். 9.00க்குப் பற்றவைத்தால் அரை மணி நேரம் கையிருப்பு. தாளில் இப்படி வரும்:

8.50 – உளுந்து, புளி ஊறப்போடுவது

இடது பர்னர்
9.00 – துவரம்பருப்பு (குக்கர்)
9.25 – பாயசம்
10.05 – கூட்டு
10.30 – பொரியல்
10.50 – காலி
11.25 – உலை
12.15 – சாதம் வடித்ததும் ரசத்தைச் சூடாக்குவது

வலது பர்னர்
9.00 – உருளைக்கிழங்கு (மூடிய பாத்திரத்தில்)
9.20 – சாம்பார் காய், 9.45க்குப் பருப்பு சேர்ப்பது
10.05 – வறுவல்
10.30 – ரசம்
10.50 – அப்பளம்
11.00 – காலி
11.25 – வடை

கிரைண்டர்
10.50 – உளுந்து

இதில் கவனிக்க வேண்டிய இரண்டு இடங்கள். சாம்பாரில் பருப்பு சேரும் நேரம் 9.45. குக்கர் 9.25க்கு இறங்கி, ஆவி அடங்கித் திறக்க 9.40 ஆகும். ஐந்து நிமிடம்தான் இடைவெளி. பருப்பை 9.10க்கு ஏற்றினால் சாம்பார் நின்று காத்திருக்கும், அதோடு அந்த பர்னரும் காத்திருக்கும், வறுவலும் தள்ளிப்போகும். அடுத்தது கிரைண்டர். எட்டரை மணிக்கே மாவை அரைத்து வைத்துவிடலாமே என்று தோன்றும். அப்படியானால் உளுந்தை ஆறரைக்கே நனைக்க வேண்டும், அது ஒன்றும் கஷ்டமில்லை. உப்புப் போட்டு வைத்த மாவு நீர்த்துப்போய் எண்ணெய் குடிக்கும், அதுதான் சிக்கல். மின்வெட்டுக்குப் பயந்து முன்னால் அரைப்பதானால் உப்பில்லாமல் ஃபிரிட்ஜில் வைத்து, பொரிக்கும் முன் உப்பும் வெங்காயமும் சேருங்கள். குளிர்ந்த மாவு எண்ணெயின் சூட்டைக் குறைக்கும் என்பதால் ஓர் ஈட்டுக்கு ஒரு வடை குறைத்துப் போடுவது நல்லது. அப்போது 48 நிமிடம் 60 ஆகும், உலைக்குப் பிறகு கணக்கு இடிக்கும். ஒரு மாற்றம் எங்கெங்கே போய் இடிக்கிறது என்று இப்படித் தொடர்ந்து பார்ப்பதற்குத்தான் தாள்.

முந்தின நாள் எதை நகர்த்தலாம்

எல்லாவற்றையும் முந்தின நாளே செய்து வைப்பது திட்டமிடல் இல்லை. கெடாமல் இருப்பதை மட்டும்தான் நகர்த்த முடியும். பீன்ஸ் நறுக்கி, ஈரம் இல்லாமல் டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். தேங்காய் துருவி வைக்கலாம். தயிருக்குப் பால் உறை ஊற்றுவது இரவு பத்து மணிக்கு, வெயில் காலத்தில் காலை ஆறு மணிக்குள் எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மதியத்துக்குள் புளித்துவிடும். உருளைக்கிழங்கை முந்தின இரவே வேகவைத்தால் காலையில் அடுப்பு நேரம் 20 நிமிடம் மிச்சம். கத்தரிக்காய், வாழைக்காய் நறுக்கி வைத்தால் கறுக்கும், வேண்டாம். தேங்காய்ப்பால் பாயசமும் வேண்டாம்.

இதோடு ஒரு சோதனைப் பட்டியல்: சிலிண்டரை அசைத்துப் பார்த்தல், கிரைண்டர் ஓடுகிறதா என்று பார்த்தல், குக்கர் கேஸ்கெட், இலை வந்துவிட்டதா, பெரிய கரண்டி எங்கே. 14.2 கிலோ சிலிண்டர் காலியாகப் போகிறது என்பது ஞாயிறு காலை பத்து மணிக்குத் தெரிவதற்கும் சனி மாலை ஆறு மணிக்குத் தெரிவதற்கும் உள்ள வித்தியாசம்தான் முன்கூட்டி என்ற சொல்லின் பொருள்.

ஒரே மாதிரி வேலைகளைச் சேர்த்துச் செய்வதும் இங்கேதான் வரும். சாம்பாருக்கு வெங்காயம், பொரியலுக்கு வெங்காயம், வடைக்கு வெங்காயம் என்று மூன்று முறை பலகையை எடுத்துக் கழுவி வைப்பதற்குப் பதில், ஒரே முறை உட்கார்ந்து மூன்று கிண்ணத்தில் பிரித்துவிடலாம். மிக்ஸிக்கும் வரிசை உண்டு. முதலில் ஈரமில்லாத பொடி, அடுத்து பாயசத்துக்குத் தேங்காய், பிறகு கூட்டுக்குத் தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும், கடைசியில் பூண்டு. மாற்றிச் செய்தால் ஒவ்வொரு முறையும் ஜாரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சாயப்பட்டறைகளில் வெளிர் நிறத்தை முதலில் போட்டுவிட்டு அடர் நிறத்துக்குப் போவதும் இதே காரணத்தால்தான். வேலையைவிட, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கழுவித் துடைத்து ஆயத்தம் செய்யும் நேரம்தான் நாளைத் தின்கிறது.

நேரத்தை எழுதுவதில் ஏன் தவறுகிறோம்

ஒன்றேகால் கிலோ பீன்ஸைப் பொடியாக நறுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் பலரும் கால் மணி என்பார்கள். ஒருவர் நறுக்கினால் 40 நிமிடம் ஆகும். நம்முடைய வேலைக்கு நாமே நேரம் குறிக்கும்போது எப்போதும் குறைத்துத்தான் குறிப்போம். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் இந்தப் போக்குக்கு ஒரு பெயரே வைத்தார்கள், தமிழில் திட்டமிடல் மயக்கம் எனலாம். 1994இல் ரோஜர் பியூலரும் அவருடைய சக ஆய்வாளர்களும் கனடாவில் பட்டப்படிப்பு ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாட்கள் என்று வந்தது. எல்லாமே கெட்டுப்போனால்? சராசரியாக 49 நாட்கள். உண்மையில் ஆனது சராசரியாக 55 நாட்களுக்கும் மேல். படுமோசமாகப் போனால் என்று அவர்கள் நினைத்ததைவிடவும் அதிகம்.

மனதில் நாம் ஓட்டிப் பார்க்கும் காட்சியில் தொலைபேசி அடிப்பதில்லை, கத்தி மழுங்குவதில்லை, குழந்தை அழுவதில்லை. அதுதான் காரணம். இதற்கு மருந்து, "எவ்வளவு ஆகும்?" என்று கற்பனை செய்யாமல் "போன தடவை எவ்வளவு ஆயிற்று?" என்று கேட்பது. போன தடவை என்று ஒன்று இல்லாவிட்டால், கொஞ்சம் செய்து அளந்து பாருங்கள். கால் கிலோ பீன்ஸ் நறுக்கி, கடிகாரத்தைப் பார்த்து, ஐந்தால் பெருக்குங்கள்.

கையிருப்பு நேரத்தை எங்கே வைப்பது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து ஐந்து நிமிடம் கூட்டி எழுதினால், அந்த ஐந்து நிமிடமும் அந்தந்த வேலைக்குள்ளேயே கரைந்துபோகும், மிஞ்சாது. அதற்குப் பதில் வேலைகளுக்கு நேர்மையான நேரத்தை எழுதி, மிச்சத்தை மொத்தமாக ஓர் இடத்தில் வையுங்கள். நம்முடைய தாளில் அது 11.00 முதல் 11.25 வரை. நகர்த்த முடியாத கட்டத்துக்குச் சற்று முன்னால். எது தாமதமானாலும் அந்த இடத்தில் சரிசெய்துகொள்ளலாம், உலையும் வடையும் பாதிக்கப்படாது.

அதே கணக்கு, கான்கிரீட் கூரைக்கு

இதே முறையை வீடு கட்டுவதில் பாருங்கள். நிமிடங்கள் நாட்களாகும், தவறினால் போகும் காசு பெரிது, அவ்வளவுதான் வேறுபாடு. தளம் போடுவதற்கான சங்கிலி: சுவர் மட்டம் வந்த பிறகு சென்ட்ரிங் அடிப்பது, கம்பி கட்டுவது, மின்சாரக் குழாயும் ஃபேன் பாக்ஸும் பதிப்பது, கான்கிரீட் கொட்டுவது, தண்ணீர் கட்டி வைப்பது, முட்டுகளைப் பிரிப்பது, உள்பூச்சு.

இங்கே உளுந்து ஊறுவதற்குச் சமமானது கான்கிரீட் இறுகுவது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 சொல்வதன்படி சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட்டானால் குறைந்தது 7 நாட்கள் ஈரத்தில் வைக்க வேண்டும். சாம்பல் கலந்த சிமெண்ட்டானாலும், வறண்ட வெயிலானாலும் 10 நாட்கள். முட்டுப் பிரிக்க, சாதாரண சிமெண்ட்டில் 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாட்கள், அதற்கு மேல் 14 நாட்கள். 6 மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாட்கள், அதைத் தாண்டினால் 21. கூடுதல் ஆள் வைத்து இதைக் குறைக்க முடியாது. அவசரப்பட்டு முட்டுகளை எடுத்தால் தளம் தொய்யும், விரிசல் விடும், சில சமயம் ஆளையே அடிக்கும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இந்த நாட்களில் வேறு என்ன நடக்கலாம் என்பதுதான். உள்ளே முட்டுகள் காடு போல நிற்கும், அங்கே பூச முடியாது. வெளியே தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், கழிவுநீர்க் குழாய்க்குப் பள்ளம் வெட்டுவது எல்லாம் நடக்கலாம். மரவேலைக்குச் சொல்லி வைப்பது அதற்கும் முன்னால் நடந்திருக்க வேண்டும், ஏனென்றால் கதவு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். டைல்ஸ் தேர்வுக்கு ஃப்ளோட் நிறைய இருக்கிறது, ஆனால் வீட்டுக்காரர்கள் வழக்கமாக டைல்ஸ் கடைக்குத்தான் முதலில் போவார்கள். ஆசை இருக்கும் இடத்துக்கு முதலில் போகிறோம், காத்திருப்பு இருக்கும் இடத்துக்குப் போவதில்லை.

இந்தச் சங்கிலியில் அதிகம் அறுந்துபோகும் கண்ணி எலக்ட்ரீஷியன். அவருக்கு அங்கே வேலை அதிகமில்லை. ஆனால் அது கம்பி கட்டும் வேலைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் வந்தே ஆக வேண்டும். அவர் வராவிட்டால், மிக்ஸர் மிஷினும் கொத்தனார்களும் சித்தாட்களும் மறுநாள் கூலியோடு உட்கார்ந்திருப்பார்கள். இல்லாவிட்டால் ஃபேன் பாக்ஸ் இல்லாமலே கொட்டிவிட்டு, பிறகு தளத்தைத் துளைப்பார்கள். வேலை சிறியது, ஆள் வெளியாள், வரிசையில் இடம் மாற்ற முடியாதது. இந்த மூன்றும் ஒன்று சேரும் கண்ணிகளைத் தாளில் சிவப்பில் வட்டமிடுங்கள். இரண்டு நாள் முன்பு ஒரு போன், முந்தின மாலை ஒரு போன்.

எந்த அளவுக்குத் திட்டமிடுவது

பத்து நிமிட வேலைக்குத் தாள் வேண்டாம். நான்கைந்து வேலைகளுக்கு மேல் இருந்து, அவை ஒன்றையொன்று சார்ந்திருந்து, முடிக்க வேண்டிய நேரம் ஒன்று உறுதியாக இருந்தால் தாளை எடுங்கள். இதுவரை செய்தே பார்க்காத வேலையானால் முழுத் திட்டம் போடாதீர்கள், முதல் பகுதிக்கு மட்டும் போட்டு, செய்து பார்த்து, தெரிந்துகொண்ட பிறகு மீதியை எழுதுங்கள். தெரியாததற்கு நிமிடக் கணக்கு எழுதுவது பொய்க் கணக்கு.

திட்டம் போட்ட பிறகு அதைப் பார்ப்பதற்கும் நேரம் குறித்து வையுங்கள். நம்முடைய விருந்தில் 10.05, 10.50, 11.25 என மூன்று நேரங்கள் போதும். 10.05க்குப் பாயசமும் சாம்பாரும் இறங்கவில்லை என்றால் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பாருங்கள். 25 நிமிடம் வரை கையிருப்பு தாங்கும். அதைத் தாண்டினால் எதையாவது விட வேண்டும். எதை விடுவது என்பதையும் முந்தின நாளே, மனது அமைதியாக இருக்கும்போதே முடிவு செய்து தாளின் அடியில் எழுதி வைப்பது நல்லது: முதலில் வறுவல், அடுத்து கூட்டு. வறுவலுக்கு வேகவைத்த கிழங்கைப் பொடிமாஸாகத் தாளித்துக் கொட்டினால் 25 நிமிடம் 10 ஆகும். உலையை மட்டும் தள்ளக் கூடாது. வெந்தும் வேகாமலும் இறங்கும் சோற்றை எந்தக் கூட்டும் ஈடுகட்டாது.

விருந்து முடிந்ததும் தாளைக் கசக்கி எறியாதீர்கள். எழுதிய நேரத்துக்குப் பக்கத்தில் உண்மையில் ஆன நேரத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள்: ரசம் 20 இல்லை 30, உலை கொதிக்க 30 இல்லை 38, வடை ஈட்டுக்கு 6 இல்லை 7. அடுத்த பொங்கலுக்கோ காதுகுத்துக்கோ தாள் எடுக்கும்போது, இந்தப் பென்சில் எண்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.